மாதப்பனுக்கு ஒரு விரால்

"இந்த வருசம் மீனுதான் வெக்கோணும்" என்று தேவம்மா சொன்னபோது, அவள் மகன் லிங்கப்பன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு கொல்லைக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தான். மணி ஆறரை. அன்று மகாளய அமாவாசை. அது புரட்டாசி சனிக்கிழமையிலேயே வந்து தொலைத்திருந்தது.

அதிர்ச்சியில் நுரையை விழுங்கிவிட்டான்.

"மீனாம்மா? சொர்ணம் வடைக்கு உளுந்தே ஊறப் போட்டுட்டாளே!"

"வடையெல்லாம் உங்கப்பாகிட்டச் செல்லாது. போன வருசம் உங்கக்கா வீட்ல என்ன வெச்சோம்?"

"மட்டன்."

"வெச்சமா? அன்னிக்கிலிருந்து வருசம் பூராக் கனவுல வந்து நின்னுட்டு நொட்டை சொல்றாரு. உப்புப் பத்தல, எலும்பு வேகல, எலை கிழிஞ்சிருந்துச்சு. கண்ணை மூடினா ஆளு ஆஜர். என்னால தூங்க முடியல சாமி. மீன் வெச்சாத்தான் சரிப்படும்."

கொள்ளேகாலை அடுத்த ராமாபுரம் பக்கத்துத் தமிழர் வீடுகளில் மகாளய அமாவாசைக்கு ஒரு முறை உண்டு. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து ஆற அமரச் சாப்பிட்டுப் போவார். அதற்குப் பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு. ஐந்து வருடமாக இந்தப் படையல் ராமாபுரத்தில் அக்கா பூவாத்தாள் வீட்டில் நடந்தது. இந்த வருடம் தேவம்மா மைசூரில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு அங்கேயே மகன் வீட்டில் இருந்தாள். அதனால் அப்பா முதல் தடவையாக லிங்கப்பன் வீட்டுக்கு வருகிறார்.

லிங்கப்பனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. காரணம் இருந்தது. கொள்ளேகால் மைசூர் பஸ் ஓட்டிய மாதப்பன் நல்ல மனிதர், ஆனால் நல்ல வார்த்தை சொல்லாத மனிதர். மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த வேட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கரை கோணல்" என்று திருப்பிக் கொடுத்தவர். நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை நிரந்தரமானபோது, "அங்கே கேன்டீன் காபி நல்லா இருக்காதாமே" என்றவர். அவர் வாயால் ஒரு "பரவாயில்லை" வாங்காமலே லிங்கப்பனுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. மனுஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, விடலாமா?

"வெச்சிருவோம்மா! மீன்தானே!" என்றான் உற்சாகமாக.

சமையலறை வாசலில் அவன் மனைவி சொர்ணலதா நின்றாள். பவானிக்காரி. தலைக்குக் குளித்து, நெற்றியில் நாமக்கோடு வைத்திருந்தாள்.

"ஏனுங்க, என்ன மாசம்னு தெரியுமா தெரியாதா? புரட்டாசி சனிக்கிழமைங்க! முட்டை ஓடு கூட இந்தப் படி தாண்டாது. என்ற அடுப்புல மீனு ஏறுனா நான் பவானிக்கு பஸ் ஏறிடுவேன், சொல்லிப்போட்டேன்."

"உன்னை யாரு சமைக்கச் சொன்னா? நானே கொல்லையில ஸ்டவ் வெச்சு சமைக்கறேன்."

லிங்கப்பன் சமையலில் சுடுதண்ணீர் வரைக்கும் படித்தவன். சொர்ணலதா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுனாலும் சுருக்காப் பண்ணுங்க" என்றாள் தேவம்மா. "படைச்சு முடிக்காம நான் பல்லுல பச்சைத்தண்ணி படவிட மாட்டேன்."

சொர்ணலதாவின் கையிலிருந்த டம்ளர் நங்கென்று தரையில் விழுந்தது.

"ஐயோ அத்தே! ஆறு மணிக்குச் சர்க்கரை மாத்திரை குடுத்துட்டனே! மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா மயக்கம் வந்துடும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே! ரெண்டு இட்லியாச்சும் சாப்பிடுங்க!"

"மாட்டேன்."

"ஒரு வாய் பால்?"

"படைச்சதுக்கப்பறம்."

தேவம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். லிங்கப்பன் சைக்கிளை எடுத்தான்.

மீன் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. மைசூரே செத்தவர்களுக்கு விருந்து வைக்கக் கிளம்பி வந்திருந்தது. முக்கால் மணி நேரம் முட்டி மோதி முன்னால் போய்ச் சேர்ந்தபோது, கடைக்காரர் வெறும் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கட்லா காலி, ரோகு காலி. நாளே பன்னி சார்" என்று மறுநாள் வரச் சொன்னார்.

"நாளைக்கு எங்கப்பா வரமாட்டாருங்க!"

கடைக்காரருக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, முகம் புரிந்தது. மூலையிலிருந்த தொட்டியைக் காட்டினார். அதில் முழங்கை நீளத்துக்கு ஒரே ஒரு விரால், உயிரோடு, உலகத்தின் மேல் வெறுப்போடு கிடந்தது.

"வெட்டித் தாங்க."

"கட் மாடோக்கே டைம் எல்லி சார்?" என்று, வெட்ட நேரமில்லாமல் அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு லிங்கப்பன் பறந்தான். அரண்மனைப் பக்கம் வந்ததும் போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, விசில் ஊதி நிறுத்திவிட்டார்கள். மறுநாள் தசரா தொடக்கம். யானைகளுக்கு முதுகில் மணல் மூட்டை ஏற்றி நடைப் பயிற்சி கொடுத்துக் கூட்டிப் போகிறார்கள். மணி ஒன்பதேகால். அம்மாவுக்கு மயக்கம் வந்திருக்குமோ? யானைகளோ மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகன் மாதிரி ஆடி அசைந்து நடந்தன.

அப்போதுதான் விரால் ஒரு துள்ளு துள்ளியது. பை கிழிந்தது. மீன் தார்ச்சாலையில் விழுந்து, நேராகப் பெரிய யானையின் காலடிக்கு வழுக்கிக்கொண்டு போனது.

"மிதிச்சிடாதே! அது எங்கப்பாவோடது!" என்று கத்திக்கொண்டே லிங்கப்பன் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினான்.

யானை தூக்கிய காலைத் தூக்கினபடியே நிறுத்தி, கீழே குனிந்து பார்த்தது. அதன் பின்னால் வந்த யானை நின்றது. அதற்குப் பின்னாலும் நின்றது. தசரா பயிற்சி மொத்தமும் நின்றது. மேலே பாகன் கன்னடத்தில் லிங்கப்பனின் பரம்பரையையே விசாரித்தான். போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே திட்டினார். லிங்கப்பன் சட்டையைக் கழற்றி மீன் மேல் போட்டு, பச்சைக் குழந்தையைப் போலச் சுருட்டி அள்ளிக்கொண்டு, பனியனோடு சைக்கிளில் ஏறினான். வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அவனும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனான்.

வீட்டுக்கு வந்தபோது தேவம்மா முன்வாசல் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தாள்.

"கிடைச்சுதா?"

"விரால்மா! உசுரோட!"

தேவம்மா மூக்கைச் சுருக்கினாள். "விராலா? அதுல வாசனையே இருக்காதே."

"அப்பாவுக்கு வாசனை முக்கியமாம்மா?"

"வாசனைதான் முக்கியமே" என்றாள்.

லிங்கப்பன் அதை மனதில் குறித்துக்கொண்டான். கொல்லைக்கு ஓடினான். மீனை எங்கே வைப்பது? ஸ்டவ் பற்ற வைக்க வேண்டும், அரிவாள்மனை தேட வேண்டும், அதற்குள் இது ஓடிவிடும். பக்கத்தில் நீல டிரம் இருந்தது. நிறையத் தண்ணீர் இருந்தது. உள்ளே விட்டு மூடினான்.

தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவன் புன்னகை செய்துகொண்டிருக்கும்போதே, பெருமாளுக்குத் தளிகை போடத் தண்ணீர் எடுக்க சொர்ணலதா குடத்தோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு தலை அவளைப் பார்த்தது.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ரேடியோ நின்றது.

"குடிக்கற தண்ணிங்க அது! ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற தண்ணி! பெருமாளுக்கு வெச்சிருந்த தண்ணி! கோவிந்தா, கோவிந்தா, கோவிந்தா!"

"சுத்தமான மீனுதான் சொர்ணம்…"

அவள் பார்வையில் வாக்கியம் பாதியிலேயே செத்தது. டிரம்முக்குள் கை விட்டால் விரால் சிக்கவில்லை. குச்சியால் துழாவினால் குச்சியைச் சுற்றி விளையாடியது. கடைசியில் டிரம்மையே கவிழ்க்க வேண்டியதாயிற்று. இருநூறு லிட்டர் தண்ணீரும் கொல்லையைத் தாண்டி, சந்து வழியாகப் போய், தெருவில் கோலங்களை அழித்துக்கொண்டு ஓடியது. துணி துவைக்கும் கல்லோரம் ஒதுங்கிய மீனை லிங்கப்பன் சாம்பலை அள்ளிப் போட்டுப் பிடித்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்தான். கண்ணைத் திறந்தபோது மீன் துண்டுகளாக இருந்தது. அவன் கட்டைவிரலிலும் ஒரு வெட்டு இருந்தது.

மணி பத்தரை.

"ஏனுங்க, அத்தைக்குக் கை நடுங்குதுங்க" என்று சொர்ணலதா ஓடி வந்தாள். கோபமெல்லாம் போய்விட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. "நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது. சர்க்கரைத் தண்ணி குடுத்தா வாயை இறுக்கி மூடிக்கறாங்க. சீக்கிரம் குழம்பு வெய்யுங்க!"

"எப்படி வெக்கறது?"

சொர்ணலதா ஒரு கணம் யோசித்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொல்லைப்படியில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் பாக்க மாட்டேன், மோந்து பாக்கவும் மாட்டேன். சொல்ல மட்டும் சொல்றேன். எண்ணெய் ஊத்துங்க, கோவிந்தா. காய்ஞ்சுதா?"

"காய்ஞ்சா எப்படி இருக்கும்?"

"கோவிந்தா! வெந்தயம் போடுங்க. சின்ன வெங்காயம் போடுங்க. சத்தத்தை வெச்சே சொல்றேன், தீயைக் கொறைங்க, கருகுது! புளித்தண்ணி ஊத்துங்க, கோவிந்தா. உப்பு ஒரு கை."

முன்வாசலிலிருந்து தேவம்மாவின் குரல் வீட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது. "லிங்கா! புளி கரைச்சு ஊத்திட்டியா? உப்பு ஒரு கை அள்ளிப் போடு!"

பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது. லிங்கப்பன் இரண்டு பேர் சொன்ன புளியையும் ஊற்றினான், இரண்டு பேர் சொன்ன உப்பையும் போட்டான். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர் ஊற்றினான். குழம்பு ரசமாயிற்று. தேங்காய் அரைத்து ஊற்றச் சொன்னாள் சொர்ணம். ஊற்றினான். சட்டி நிரம்பி வழிந்தது. அண்டாவுக்கு மாற்றினான். ஒரே ஒரு விரால், பந்திக்கு வைத்தது போன்ற குழம்பில் எங்கேயோ மூழ்கிப் போயிருந்தது.

கிளறிக்கொண்டே நினைத்துப் பார்த்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அவன் கொள்ளேகாலில் ஹாஸ்டல். லீவுக்கு வீட்டுக்குப் போனால் சில நாள் மீன் குழம்பு மணக்கும். அந்த நாட்களில் அப்பாவுக்கு எப்போதும் டூட்டி இருக்கும். மனுஷன் பிடித்ததைக்கூட உட்கார்ந்து சாப்பிடாமல் உழைத்திருக்கிறார்! இன்றைக்காவது சாப்பிடட்டும்.

"லிங்கா!" என்றது முன்வாசல். குரலில் தெம்பு குறைந்திருந்தது. "வாசனை இங்க வரவே இல்லயே. கருவாடு நாலு வாங்கிப் போடு."

"விராலோட கருவாடாம்மா?"

"போடு சாமி. தெரு முனைல நின்னாத் தெரியோணும்."

சொர்ணலதா எழுந்து நின்றாள். "கருவாடுமா? பெருமாளே, நான் கோயிலுக்கே போயிடறேன்." இரண்டு அடி வைத்தாள். திரும்பி வந்தாள். "தலையைக் கிள்ளிட்டு, வெந்நீர்ல அலசிப் போடுங்க. மண்ணு இருக்கும். கோவிந்தா."

மூலைக்கடைக்கு ஓடி வாங்கி வந்து போட்டான். ஐந்தே நிமிடத்தில் வாசனை எழுந்தது. சாதாரணமாகவா எழுந்தது? கொல்லையை நிறைத்து, வீட்டைத் தாண்டி, தெருவுக்குப் போனது. இரண்டு பூனைகள் மதில் மேல் வந்து உட்கார்ந்தன. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தேவம்மா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"இது வாசனை!" என்றாள்.

மணி பன்னிரண்டு. கூடத்தில் மாதப்பன் படத்துக்கு மாலை போட்டு, புது வேட்டி வைத்து, தலைவாழை இலை விரித்தார்கள். இலையில் ஒரு பக்கம் சொர்ணலதாவின் வடையும் பாயசமும் இருந்தன. நடுவில் சோறு, அதன் மேல் விராலின் தலையும் நடுத்துண்டும், சுற்றிலும் குழம்பு. லிங்கப்பன் விழுந்து கும்பிட்டான்.

"அப்பா, கரை கோணல் இல்லாத வேட்டிப்பா. பொறுமையாச் சாப்பிடுங்க" என்றான்.

"ஜன்னலைத் தொற" என்றாள் தேவம்மா. சொர்ணலதாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நிற்க முடிந்தது. "ஃபேனையும் போட்டு விடு. வாசனை வெளிய போகோணும்."

"வழி தெரியறதுக்காம்மா?"

தேவம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

கதவைச் சாத்தினார்கள். மூன்று பேரும் வெளியே நின்றார்கள். லிங்கப்பன் கதவில் காதை வைத்தான். இலை சரசரக்குமா? ஒரு செருமல் கேட்குமா? ஒரு நொட்டை? அவன் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"எதாச்சும் சத்தம் வருதா?" என்றாள் தேவம்மா.

"ஒண்ணுமே இல்லயேம்மா."

"நல்லது. தொற."

உள்ளே ஊதுபத்திப் புகையும் கருவாட்டு மணமும் கட்டிப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இலை வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பருக்கை கூட நகரவில்லை. லிங்கப்பன் முகம் தொங்கிப் போயிற்று.

"தொடவே இல்லயேம்மா."

"எல்லாம் ஆச்சு. இனி ஒரு வருசத்துக்குக் கவலையில்ல" என்று தேவம்மா அப்படியே இலை முன்னால் உட்கார்ந்தாள். "போடு சொர்ணம், இன்னும் ரெண்டு கரண்டி சோறு."

அவள் சாப்பிட்டதைப் பார்த்திருக்க வேண்டும். தலையை ஒரு முள் விடாமல் உறிஞ்சினாள். நடுத்துண்டு போயிற்று. வால் துண்டைக் கேட்டு வாங்கினாள். மூன்றாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டாள். கை நடுக்கம் நின்றது, முகத்தில் ரத்தம் வந்தது. சொர்ணலதா சுவரில் சாய்ந்து "கோவிந்தா" என்று பெருமூச்சு விட்டாள். இந்தத் தடவை அது நன்றியாக இருந்தது.

"உப்பு எப்படிம்மா இருக்கு?" என்று லிங்கப்பன் பயந்துகொண்டே கேட்டான்.

"யாரு பாத்தா உப்பை? பேஷா இருக்கு!"

லிங்கப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் உப்பைப் பற்றி முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தை! அப்பா இலையைத் தொடாவிட்டால் என்ன, வாசனையிலேயே வயிறு நிறைந்திருக்கும். தேவம்மா கை கழுவி, பாயை விரித்துப் படுத்தவள், ஒரு நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தாள். கனவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு வாசலில் பசவராஜ் வந்து நின்றார். மாதப்பன் பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டராக இருந்தவர். இப்போது ரிட்டையர் ஆகி மைசூரிலேயே இருக்கிறார். நண்பனின் படத்தைக் கும்பிட ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தவர், படியேறாமல் தெருவிலேயே நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சித்தப்பா!" லிங்கப்பன் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. அப்பா படையல். நானே சமைச்சேன். ரோட்டுல யானையை நிறுத்தி, கையை வெட்டிக்கிட்டு, ஒரு டிரம் தண்ணியைக் கொட்டி வெச்ச குழம்பு. அப்பா இன்னைக்கு மாதிரி திருப்தியா என்னைக்குமே இருந்திருக்க மாட்டாரு!"

"அதெல்லாம் சரி தம்பி, இது என்ன வாசனை?"

"மீனு சித்தப்பா! அப்பாவுக்குப் பிடிச்ச மீனு!"

பசவராஜ் படத்தைப் பார்த்தார். பாயில் நிம்மதியாகத் தூங்குகிற தேவம்மாவைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அய்யோ தம்பி, மீன் வாசனை அடிச்சா மாதப்பன் அந்தத் தெருவுக்கே வரமாட்டான், என் ரூமுக்கு வந்து படுத்துக்குவான். அவன் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு நெனச்ச அன்னிக்கு மட்டும்தானப்பா உங்கம்மா மீன் கொழம்பு வெப்பாங்க!"